வராத பங்காளி

பராசக்தி விலை பேசாமல் சாமான் வாங்கிவிட்டாள் என்பது ஆழ்வாப்பிள்ளைக்கு உறைத்தபோது, அவள் கடைவாசலைத் தாண்டி, பக்கத்துச் சைக்கிள் கடையையும் தாண்டிப் போயிருந்தாள். அவர் கையில் காசு இருந்தது. தான் சொன்ன விலைக்குச் சரியான காசு. முப்பத்துநாலு வருட வியாபாரத்தில் அந்தப் பெண்பிள்ளையின் கையிலிருந்து சொன்ன விலை சொன்னபடி வந்து சேர்ந்தது அதுதான் முதல் தடவை. கள்ள நோட்டோ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நல்ல நோட்டுத்தான். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

வாங்கியது ஒரு நெருப்புப்பெட்டி. அது தொண்ணூற்றோராம் ஆண்டு. பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்குள் நெருப்புப்பெட்டியும் சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் நேர்வழியில் வராத காலம். ஆழ்வாப்பிள்ளையின் பலசரக்குக் கடை, நல்லூரிலிருந்து அரியாலைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையின் தலைப்பில் இருந்தது. தடை என்றாலும் குண்டு என்றாலும் அங்கே ஒன்று மட்டும் தட்டுப்பாடில்லாமல் கிடைத்தது, அது பேரம். கேட்கிறவன் வயிறு எரியச் சொல்லு, வாங்குகிறவன் வயிறு குளிரக் குடு என்பது அவருடைய தகப்பன் விட்டுப்போன ஒரே ஆதனம்.

அந்த ஆதனத்துக்கு ஏற்ற எதிராளி பராசக்தி. வயது ஐம்பத்தெட்டு. கலியாணம் கட்டாதவள். தபால் கந்தோரில் இருபத்தெட்டு வருடம் முத்திரை விற்று ஓய்வு பெற்றவள். முத்திரையின் விலை முத்திரையின் முகத்திலேயே அச்சடித்துக் கிடக்கும், அதில் கதைக்க ஒன்றுமில்லை. இருபத்தெட்டு வருடம் அடைத்து வைத்த வாயை அவள் கடைகளில்தான் திறந்தாள் என்பது ஆழ்வாப்பிள்ளையின் கணிப்பு.

அவளுக்கென்று ஒரு முறை உண்டு. விலையைக் கேட்டதும் சாமானைப் பார்க்கமாட்டாள், கடைக்காரரின் முகத்தைப் பார்ப்பாள். பிறகு சாமானை வைத்துவிட்டு இறங்கிப் போய்ச் சைக்கிள் கடையடியில் நிற்பாள். கூப்பிட்டால் திரும்பி வருவாள். கூப்பிடாவிட்டாலும் வருவாள், குடையை மறந்தவள் போல. ஆழ்வாப்பிள்ளைக்கும் ஒரு முறை உண்டு. வந்தவர் இறுக்கிப் பிடித்தால், உள்ளே வேறு கிடக்கிறதா பார்க்கிறேன் என்று பின்னறைக்குள் போய்ச் சும்மா நிற்பார். காத்து நின்று கால் கடுத்தவர்கள் ஐந்து ரூபாவை மறந்துவிடுவார்கள். இரண்டு பேருக்கும் மற்றவரின் முறை நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒன்றையும் விடமாட்டார்கள். சவர்க்காரக் கட்டி ஒன்று கைமாறுவதற்குள் கிறகோரி ஒரு சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டு முடித்துவிடுவார். கிறகோரி என்பவர் அந்தச் சைக்கிள் கடைக்காரர்.

இப்படிப்பட்டவள்தான் விலை பேசாமல் போனாள்.

அவள் வீட்டில் ஒரு சாவு நடந்திருந்தது, அது உண்மை. மூன்று மாதத்துக்கு முன், பொம்மர் போட்ட குண்டில் அவள் தங்கை குணலட்சுமி சங்கக்கடைச் சந்தியில் செத்துப்போனாள். மண்ணெண்ணெய் வரிசையில் நின்றவள் என்று சனம் சொன்னது. சகோதரிகள் இரண்டு பேரும்தான் அரியாலை வீட்டில் குடியிருந்தார்கள். ஆழ்வாப்பிள்ளையும் செத்த வீட்டுக்குப் போனார். மேலே சத்தம் கேட்கிறதா என்று ஒரு காதை வானத்தில் வைத்துக்கொண்டு அவசரமாக நடத்திய சடங்கு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்தும் பராசக்தி வெளியே வரவில்லை. பிறகு வந்த முதல் நாள்தான் இந்த நெருப்புப்பெட்டி.

துக்கம் என்று விட்டுவிடலாம். ஆனால் ஆழ்வாப்பிள்ளை துக்கத்தையும் நிறையப் பார்த்தவர். பிரேதத்தை வீட்டில் கிடத்திவிட்டுக் கற்பூரம் வாங்க ஓடி வந்தவர்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, போன கிழமை இந்த விலை இல்லையே என்று கேட்டிருக்கிறார்கள். துக்கம் வேறு, விலை வேறு. விலை பேசாத மனிதர் என்று அவர் ஒரேயொருவரைத்தான் கண்டிருந்தார். எண்பத்தேழில், இந்தியப் படை வந்த காலத்தில், வீடு எரிந்துபோன ஒருவர் வந்து கயிறு கேட்டார். சொன்ன விலையைத் தந்தார். ஆழ்வாப்பிள்ளை சந்தோசமாக வாங்கிப் பெட்டிக்குள் போட்டார். அந்தக் கயிறு எதற்கு என்பது அடுத்த நாள் காலை ஊருக்கே தெரிந்தது.

பேரம் பேசுகிறவனுக்கு நாளைக்கு என்று ஒன்று இருக்கிறது. மிச்சம் பிடித்ததை வைத்து நாளைக்கு ஏதோ செய்யப்போகிறான், அல்லது நாளைக்கும் இந்தக் கடைக்கு வரவேண்டியிருக்கிறது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் பராசக்தி போன திசையைப் பார்த்தபோது அவர் நினைத்தது நெருப்புப்பெட்டியை அல்ல.

அடுத்த சில கிழமைகள் ஆழ்வாப்பிள்ளை ஒரு வைத்தியனைப் போல அவளைச் சோதித்தார். சவர்க்காரத்துக்கு இரண்டு மடங்கு விலை சொன்னார். தந்தாள். பருப்பு நிறுக்கும்போது அவள் கண் முன்னாலேயே தராசுத் தட்டில் பெருவிரலை அழுத்தினார். அந்தக் காலத்துப் பராசக்தி என்றால் அந்த விரலுக்கும் சேர்த்து விலை பேசியிருப்பாள். இவள் பையை விரித்துப் பிடித்தாள். அன்று முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏமாற்றுவது என்பது ஏமாறாமல் இருக்கப் பார்க்கிறவரோடு செய்கிற காரியம், இது பிச்சைக்காரரின் சிரட்டையில் கைவைத்த மாதிரி. அடுத்த முறை அந்தப் பருப்பை இரண்டு பங்காகத் திருப்பிப் போட்டார். அதையும் அவள் கவனிக்கவில்லை.

கிறகோரியைக் கேட்டார். குண்டுச் சத்தத்தில் காது அடைத்திருக்கும், விலை கேட்டிருக்காது என்றார் கிறகோரி. காது கேளாதவள் எப்படிச் சரியான காசைத் தருகிறாள் என்று கேட்டதும் அவர் ஒரு சைக்கிளைக் கவிழ்த்து ஓட்டை தேடத் தொடங்கினார். வீட்டில் மனைவி செல்வநாயகியைக் கேட்டார். தனிச்சுப் போனவள் யாருக்கு மிச்சம் பிடிப்பது என்றாள் அவள். இது பெறுமதியான கதைதான். ஆனால் பராசக்தி ஒருநாளும் மிச்சத்துக்காகப் பேரம் பேசியவள் அல்ல. வென்ற காசில் பூக்காரியிடம் பூ வாங்கிக்கொண்டு போவாள். இவ்வளவு யோசிக்கிற நேரத்துக்கு அவளையே நேரே கேட்கலாமே என்றாள் செல்வநாயகி. ஆழ்வாப்பிள்ளை கதையை மாற்றினார்.

ஐப்பசி பிறந்து ஒரு முற்பகல் பராசக்தி வந்தாள். கையில் பை இல்லை. கயிறு வேண்டும் என்றாள்.

ஆழ்வாப்பிள்ளையின் தலைக்கு நேர் மேலே மூன்று சுருள் கயிறு தொங்கியது. அவர் நிமிர்ந்து பார்க்காமல், கயிறு முடிஞ்சுது என்றார். பராசக்தி அந்த மூன்று சுருளையும் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்த நேரம் கிறகோரி ஒழுங்கையில் சைக்கிளைப் போட்டுவிட்டு, பொம்மர், பொம்மர் என்று கத்திக்கொண்டு தன் கடைக்கு முன்னால் இருந்த மதகுக்குள் நுழைந்தார். அவர் ஒருநாளும் பங்கருக்குள் வருவதில்லை, உயிரோடு புதைபட இப்போதே அவசரமில்லை என்பார்.

பங்கர் கடைக்குப் பின்னால், கிணற்றடியில். பனங்குற்றி அடுக்கி, மேலே உரப்பையில் மண் நிரப்பிப் போட்டது. நாலு பேர் குந்தி இருக்கலாம். அன்று ஓடி நுழைந்தது ஆழ்வாப்பிள்ளையும் பராசக்தியும்தான். முதல் குண்டு எங்கோ தூரத்தில் விழுந்தது. குற்றிகளுக்கிடையால் மண் பொலபொலவென்று கொட்டியது. விமானம் வளைந்து திரும்புகிற இரைச்சல் கேட்டது. அந்த இருட்டில் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியவில்லை. முகம் தெரியாத இடத்தில் வியாபாரம் செய்யக்கூடாது என்பது தகப்பன் சொன்னது. ஆனால் உண்மை கதைக்க அது நல்ல இடம் என்று ஆழ்வாப்பிள்ளைக்குத் தோன்றியது.

"கயிறு கிடக்கு தங்கச்சி," என்றார். "உங்களுக்குத் தரமாட்டன்."

"ஏன்?"

"விலை கேக்காமல் கயிறு வாங்கிற ஆக்களுக்கு நான் விக்கிறேல்லை."

பராசக்தி சேலையில் விழுந்த மண்ணைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, பிள்ளைக்கு விளக்குவது போலச் சொன்னாள்: "விலை பேசினால் ஆக்கள் சாகினம் அண்ணை."

அவருக்கு விளங்கவில்லை. அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அன்றைக்கு அவள் அரிக்கன் லாம்புக்கு ஒரு கண்ணாடிச் சிமினி வாங்க வந்தாள். கால் மணித்தியாலத்தில் வாறன் என்று தங்கையிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தாள். சிமினிக்கு விலை பேசி முடியக் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் ஆயிற்று. அக்காவைக் காணவில்லையே என்று குணலட்சுமி குடையை எடுத்துக்கொண்டு தேடிப் புறப்பட்டிருக்கிறாள். பொம்மர் வந்தபோது அவள் சந்தியில்.

"மண்ணெண்ணெய் வரிசை எண்டு சனம் தானாச் சொல்லிச்சுது. நான் மறுக்கேல்லை," என்றாள். "என்னெண்டு சொல்லுறது? அஞ்சு ரூபாவுக்கு நிண்டனான், என்னைத் தேடி வந்தவ எண்டோ? நான் வீட்டை திரும்பிற வழியிலை, றோட்டிலை விழுந்து படுத்தனான் அண்ணை. சிமினியைக் கையிலை உயத்திப் பிடிச்சபடி. அது உடையேல்லை. அதிலை ஒரு கீறலும் இல்லை."

ஆழ்வாப்பிள்ளையின் காதுக்குள் விமானத்தை விடப் பெரிய இரைச்சல் ஒன்று எழும்பியது. அந்தச் சிமினிப் பேரம் அவர் வாழ்நாளில் பேசிய பேரங்களிலேயே அருமையானது என்று எத்தனை பேருக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறார். மூன்று தரம் இறங்கிப் போனாள், மூன்று தரமும் திரும்பி வந்தாள். அவர் கடைசி ஆயுதமாகப் பின்னறைக்குள் போனார்.

"அண்டைக்கு நான் உள்ளை போய் நிண்டனான் எல்லோ," என்றார். "வேறை சிமினி தேடேல்லை. வேறை சிமினி இருக்கேல்லை. தேத்தண்ணி குடிச்சனான்."

"தெரியும். கோப்பைச் சத்தம் கேட்டது."

"பனங்கட்டியும் கடிச்சனான். ஆறுதலா."

"கேட்டுக்கொண்டுதான் நிண்டனான். நான் போயிருக்கலாம். போனால் நீங்கள் வெண்டதாப் போயிடும் எண்டு நிண்டனான்."

இரண்டாவது குண்டு கிட்டத்தில் விழுந்தது. குந்தியிருந்த நிலமே ஒருதரம் எழும்பி இருந்தது. மண் இருவர் தலையிலும் கொட்டியது. இருமி முடிந்ததும் ஆழ்வாப்பிள்ளை, இந்தப் பிழை முழுக்கத் தன்னுடையது, அவள் அதைச் சுமக்கத் தேவையில்லை என்றார். தேத்தண்ணி குடிக்காமல் ஒரு சொல்லில் சிமினியைக் கொடுத்திருந்தால் அவள் நேரத்துக்கு வீட்டில் நின்றிருப்பாள்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. நாலு மாதத்தில் அவளிடம் அவர் கண்ட முதல் கோபம். "முழுக்க எடுக்க நீங்கள் ஆர்? அவ என்ரை தங்கச்சி."

"நான் இல்லாட்டில் நீங்கள் ஆரோடை விலை பேசியிருப்பியள்? ஒற்றைக் கையாலை தட்டினால் சத்தம் வருமோ?"

தான் மூன்று தரம் இறங்கிப் போய்ச் சைக்கிள் கடையடியில் நின்ற நேரத்தை யார் கணக்கில் போடுவது என்றாள் அவள். அதைக் கூட்டினாலும் பின்னறையில் தான் நின்ற நேரத்துக்குக் கிட்டவும் வராது என்றார் அவர். வீட்டில் கால் மணித்தியாலம் என்று சொல்லிவிட்டு வந்தது அவரா என்றாள். எனக்குக் கூட, இல்லை எனக்குத்தான் கூட என்று இரண்டு பேரும் இருட்டுக்குள் இழுபட்டார்கள். விமானம் இன்னொரு தரம் வளைந்தது. அப்போதுதான் ஆழ்வாப்பிள்ளையின் வியாபார மூளைக்கு ஒன்று தட்டியது. இவ்வளவு நேரமாக இதில் ஒரு பெரிய பிழை நடந்துகொண்டிருக்கிறது.

"தங்கச்சி, கொஞ்சம் பொறுங்கோ. இதிலை பங்காளி மூண்டு பேர். ரெண்டு பேர் மட்டும் இருந்து பங்கு போடுறம்."

"மூண்டாவது ஆர்?"

அவர் விரலை மேலே காட்டினார். இருட்டில் அது தெரியாது. ஆனால் மேலே இருந்தவன் தானே இரைந்து காட்டினான்.

"அவனோ," என்றாள் பராசக்தி. "அவனுக்குக் குணலட்சுமியையும் தெரியாது, என்னையும் தெரியாது. சந்தியிலை குடையோடை ஒரு மனிசி வந்ததும் தெரியாது. இப்ப போய் இறங்கிச் சாப்பிடுவான். அவன் பங்குக்கு வருவானே?"

"வராட்டில்? பனங்காணி பிரிக்கேக்கை, கொழும்பிலை நிக்கிற தம்பிக்கும் ஒரு துண்டு விடுறேல்லையோ? அவன் வந்து பாக்கிறேல்லை. வேலி அடைக்கிறேல்லை. வராட்டிலும் அது அவன்ரை துண்டு. அதை மற்ற ஆக்கள் எடுத்து வைச்சிருக்கேலாது. எடுத்தால் அது களவு தங்கச்சி."

இரைச்சல் ஒருதரம் கூடியது, பிறகு குறைந்தது. அவர் தன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு?" என்றாள் அவள்.

ஆழ்வாப்பிள்ளை முப்பத்துநாலு வருடத்தில் அந்தச் சொல்லை ஆயிரக்கணக்கான வாய்களிலிருந்து கேட்டிருக்கிறார். அது இவ்வளவு இனிக்கும் என்று அவருக்குத் தெரியாது. விற்கிறவன் கூட்டிச் சொல்லவேண்டும், வாங்குகிறவன் குறைத்துச் சொல்லவேண்டும். இங்கே தான் விற்கிறவனா வாங்குகிறவனா என்பது பிடிபடவில்லை. ஆனால் எதிராளியை எந்தப் பக்கம் தள்ளவேண்டும் என்பது தெரிந்திருந்தது. வேண்டுமென்றே குறைத்துச் சொன்னார்.

"அவனுக்குக் கால்வாசி வைப்பம்."

"கால்வாசியோ?" குரல் உயர்ந்தது. "மேலை இருந்து குண்டு போட்டவனுக்குக் கால்வாசி, கீழை இருந்து தேத்தண்ணி குடிச்சவருக்கும் சிமினி வாங்கினவளுக்கும் முக்காலோ? உங்களுக்கு விசரே அண்ணை? பொம்மரை நீங்களே அனுப்பினீங்கள்? நானே பெற்றோல் அடிச்சுவிட்டனான்?"

அவர் விட்டுக்கொடுக்க மனமில்லாதவர் போல அரைவாசி என்றார். அவள் அதை எடுத்தும் பார்க்கவில்லை. அரையும் அரைக்காலும் என்றார். முக்காலுக்கு ஒரு மாத்துக் குறையாது என்றாள். அவர் நெடுமூச்சு விட்டு, உங்களுக்காக, நட்டத்துக்கு, என்று சொல்லி முக்காலுக்கு இறங்கி வந்தார். அந்த நெடுமூச்சு அவருடைய கடையின் பழைய சரக்கு. அவளுக்கும் அது தெரியும்.

"மிச்சக் கால்வாசி?" என்று கேட்டாள்.

"பாதி உங்கடை, பாதி என்ரை."

"பாதி இல்லை," என்றாள் பராசக்தி. குரல் இறங்கியிருந்தது. "எனக்குக் கொஞ்சம் கூட விடுங்கோ. கால் மணித்தியாலத்திலை வாறன் எண்டு சொன்னது நான்தானே."

அதில் அவர் பேரம் பேசவில்லை.

இரைச்சல் அடங்கி, கிறகோரி மதகுக்குள்ளிருந்து வெளிவந்து, குண்டு கடலேரிப் பக்கம் விழுந்திருக்கிறது, அதில் ஒன்று வெடிக்கவில்லை என்று தான் நேரில் பார்த்தவர் போல ஒழுங்கைக்கு அறிவிக்கும் குரல் கேட்டது. இரண்டு பேரும் மண்ணைத் தட்டிக்கொண்டு கடைக்குள் வந்தார்கள். வெளிச்சத்தில் ஒருவரையொருவர் பார்க்க இரண்டு பேருக்கும் கூச்சமாக இருந்தது, பங்கருக்குள் கடன் வாங்கியவர்கள் மாதிரி.

பராசக்தி போகவில்லை. தலைக்கு மேலே தொங்கிய சுருளைப் பார்த்தாள். பங்கு பிரித்தது சரி. எல்லாம் வாயால் பிரித்த பங்கு. இன்னும் அந்தக் கயிறு எதற்கு என்று ஆழ்வாப்பிள்ளைக்குத் தெரியாது. அதைக் கேட்கவும் வாய் வரவில்லை. கடைசியில் கதிரையில் ஏறி ஒரு சுருளை எடுத்து அவள் முன் வைத்தார்.

அவள் கயிற்றை எடுத்து, புரியை விரலால் பிரித்துப் பார்த்தாள். இழுத்துப் பார்த்தாள். மணந்தும் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து விலையைக் கேட்டாள். அவர் சொன்னார்.

"உதுக்கோ?" என்றாள். "போன முறை உங்களிட்டை வாங்கின கயிறு ஒரு வருசமும் நிக்கேல்லை. அறுந்து வாளி கிணத்துக்குள்ளை கிடக்கு. இப்ப மாரி துடங்கப்போகுது. உந்தக் கயிறு இந்த மாரிக்கு நிக்குமோ? அடுத்த மாரிக்கு ஆர் பொறுப்பு?"

தன் சரக்கை ஒருவர் குறை சொல்ல ஆழ்வாப்பிள்ளை ஒருநாளும் பொறுத்ததில்லை. அன்று அவருக்கு அவளைக் கும்பிடவேண்டும் போல இருந்தது. அடுத்த மாரி. அவள் வாயிலிருந்து அடுத்த மாரி வந்துவிட்டது. சந்தோசத்தில் நாக்குத் தடுமாறி, அவள் கேட்கிற விலைக்கே தருகிறேன், எடுத்துக்கொண்டு நேரத்தோடு வீட்டுக்குப் போங்கள் என்றார்.

பராசக்தி கயிற்றைக் கீழே வைத்தாள்.

"உப்பிடி ஒரு சொல்லிலை விட்டால் கயிறிலை ஏதோ பழுது எண்டுதானே அர்த்தம்," என்றாள். "இருந்து கதையுங்கோ அண்ணை. எனக்கு அவசரம் இல்லை. இப்ப என்னைத் தேடி ஒருத்தரும் வரமாட்டினம்."

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, இறங்கி, சைக்கிள் கடையடியில் போய் வெயிலில் நின்றாள். கிறகோரி சைக்கிளை நிமிர்த்திக்கொண்டே அவளைப் பார்த்தார், பிறகு ஆழ்வாப்பிள்ளையைப் பார்த்தார், ஒட்டுப் போடக் குந்தினார்.

ஆழ்வாப்பிள்ளை தோளில் கிடந்த சால்வையால் முகத்தைத் துடைத்தார். அவளைக் கூப்பிடவில்லை. தானாக வருவாள். உள்ளே வேறு கிடக்கிறதா பார்க்கிறேன் என்று வெறும் கடைக்குச் சொல்லிவிட்டுப் பின்னறைக்குள் போனார். அடுப்பை மூட்டினார். கோப்பையை எடுத்து வைத்தார். யோசித்து இன்னொரு கோப்பையையும் எடுத்து, கொஞ்சம் சத்தமாகவே வைத்தார்.

வெளியிலிருந்து குரல் வந்தது. குடையை மறந்தவள் போலத் திரும்பி வந்திருந்தாள்.

"அண்ணை, சத்தம் கேக்குது. முதல் விலையைச் சொல்லிப்போட்டுக் குடியுங்கோ."